விலையைக் கடைசியில் பாருங்கள், அக்கா

கேள்வி: தம்பி, நான் டர்பன் சாட்ஸ்வர்த்தில் முப்பத்திரண்டு வருடம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது, வீட்டுக்கடன் முடிந்துவிட்டது. 80,000 ரேண்ட் தனியாக வைத்திருக்கிறேன். தங்கை மகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். பங்கு வாங்கச் சொல்லி தினமும் வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறான். "பெரியம்மா, இது ஒரே வருடத்தில் இரண்டு மடங்காகும்" என்கிறான். யாரோ சொல்லி வாங்க எனக்கு மனசில்லை. ஜோஹன்னஸ்பர்க் பங்குச்சந்தையில் உள்ள ஒரு கம்பெனியைப் பற்றி நானே படித்துத் தெரிந்துகொள்ள இணையத்தில் எங்கே போகவேண்டும்? காசு கட்டும் தளங்கள் தேவைப்படுமா? ஒரு தளத்தைத் திறந்தேன். பங்கு விலை 14,250 என்று இருந்தது. ஒரே ஒரு பங்கு பதினான்காயிரம் ரேண்டா என்று பயந்து மூடிவிட்டேன்.

பதில்: அக்கா, முதலில் அந்த 14,250-ஐ முடித்துவிடுவோம். அது ரேண்ட் இல்லை, சென்ட். ஜோஹன்னஸ்பர்க் சந்தையில் பங்கு விலையைச் சென்டில்தான் போடுவார்கள். நூறால் வகுத்தால் 142 ரேண்ட் 50 சென்ட். ஈவுத்தொகையும், அதாவது கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குக் கொடுக்கும் பணமும், அப்படித்தான்: "பங்குக்கு 400" என்று இருந்தால் 4 ரேண்ட். ஆனால் அதே பக்கத்தில் கம்பெனியின் மொத்த லாபத்தை மில்லியன் ரேண்டில் போட்டிருப்பார்கள். ஒரே திரையில் இரண்டு அளவு. நாற்பது வருடம் கடை நடத்திய ஒரு பெரியவர்கூட இதில் தடுமாறி என்னிடம் வந்திருக்கிறார். நீங்கள் பயந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உங்கள் கேள்வி. எந்தத் தளம் என்று கேட்டீர்கள். கிட்டத்தட்ட எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது, எல்லாரும் அதே நாலைந்து தளங்களைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் விலை வரைபடத்தைப் பார்க்கிறார்கள். கோடு மேலே போனால் மனசும் மேலே போய்விடுகிறது. பிறகு யாராவது எழுதிய கருத்து. கம்பெனி தானே எழுதிய அறிக்கையைக் கடைசியில் பார்க்கிறார்கள், அதுவும் பார்த்தால் உண்டு. நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். கம்பெனி என்ன சொல்கிறது, தணிக்கையாளர் என்ன சொல்கிறார், எண்கள் என்ன சொல்கின்றன, மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள், அதற்கெல்லாம் பிறகு விலை.

கம்பெனி சொல்வதை எங்கே கேட்பது? நம் சந்தையில் அதற்கு ஒரு பொதுவான இடம் இருக்கிறது. சென்ஸ் என்பார்கள், பங்குச்சந்தையின் செய்திச் சேவை. பங்கு விலையை அசைக்கக்கூடிய எந்தச் செய்தியையும் கம்பெனி முதலில் இங்கேதான் வெளியிடவேண்டும். பத்திரிகைக்கோ நண்பருக்கோ முன்கூட்டிச் சொல்லக்கூடாது. ஜோஹன்னஸ்பர்க்கில் பெரிய நிதி நிறுவனத்தில் உட்கார்ந்திருப்பவரும் சாட்ஸ்வர்த்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும் நீங்களும் ஒரே நேரத்தில் அதைப் படிக்கலாம். மணிவெப், ஷேர்நெட் ஆகிய இரண்டு தளங்களிலும் சென்ஸ் பக்கம் இலவசம். கம்பெனியின் சொந்தத் தளத்தில் முதலீட்டாளர் பகுதிக்குப் போனாலும் கிடைக்கும். பல கம்பெனிகள் மின்னஞ்சலைப் பதிவு செய்தால் அறிவிப்பு வந்தவுடன் நமக்கே அனுப்பிவிடுகின்றன.

சென்ஸில் ஒரு நாளைக்கு ஏகப்பட்டது வரும், முக்கால்வாசி உங்களுக்கு வேண்டாதது. வங்கிகளின் கடன் பத்திர அறிவிப்புகளே பக்கம் பக்கமாக ஓடும். கம்பெனிப் பெயரைப் போட்டுத் தேடி, கடந்த இரண்டு வருட அறிவிப்புகளின் தலைப்பை மட்டும் ஒரு தடவை மேலிருந்து கீழே படித்துவிடுங்கள். அரை மணி நேரம் போதும். அதில் "டிரேடிங் ஸ்டேட்மெண்ட்" என்ற தலைப்பு கண்ணில் பட்டால் நின்று திறங்கள். பங்குக்கான லாபம் போன தடவையைவிடக் குறைந்தது 20 சதவீதமாவது கூடும் அல்லது குறையும் என்று ஓரளவு உறுதியாகத் தெரிந்தால், முழுக் கணக்கு வரும் வரை காத்திருக்காமல் கம்பெனி அதை முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். சந்தை வைத்திருக்கும் விதி அது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. 2009-இல் டர்பனில் மோசஸ் மபீதா கால்பந்து அரங்கம் கட்டி முடியும் நேரம். தினமும் வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெரிய வளைவைப் பார்த்துக்கொண்டே போவேன். நாடு முழுக்கக் கட்டுமானம், 2010 கால்பந்து உலகக் கோப்பை வரப்போகிறது, இந்தத் தொழிலில் போட்டால் பணம் கொட்டும் என்று எனக்கு நானே முடிவு கட்டி ஒரு கட்டுமானக் கம்பெனிப் பங்கை வாங்கினேன். பெயர் வேண்டாம், தப்பு என்னுடையது. நான் கணக்குப் படித்தவன், ஊரார் கணக்கைத் தணிக்கை செய்து சம்பளம் வாங்கியவன். என் காசைப் போடும்போது மட்டும் ஒரு அறிக்கையையும் திறக்கவில்லை. 2010 முடிந்தபின் கையில் என்ன வேலை இருக்கிறது என்று அந்தக் கம்பெனியே தன் அறிக்கையில் எழுதியிருந்தது. கையிருப்பு ஒப்பந்தங்கள் குறைந்துகொண்டே போயின. லாபம் விழப்போகிறது என்ற டிரேடிங் ஸ்டேட்மெண்டும் சென்ஸில் வந்தது. விலை ஏன் விழுகிறது என்று நான் வரைபடத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டதில் பாதிக்கு மேல் போனபிறகு விற்றேன். இன்றும் அந்த அரங்கத்தைக் கடக்கும்போது என் மனைவி ஒன்றும் சொல்லமாட்டாள், ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பாள்.

சென்ஸில் இன்னொன்று, இயக்குநர்களின் வாங்கல் விற்றல். கம்பெனி இயக்குநர் தன் கம்பெனிப் பங்கை வாங்கினாலோ விற்றாலோ அதுவும் அங்கே வரவேண்டும். விற்றதைப் பார்த்தவுடன் கப்பல் மூழ்குகிறது என்று நினைத்துவிடாதீர்கள். சம்பளத்தின் ஒரு பகுதியாகப் பங்கு கொடுக்கிறார்கள், அதற்கான வரியைக் கட்ட அதில் ஒரு பகுதியை விற்பார்கள். அறிவிப்பின் அடியில் காரணம் எழுதியிருக்கும். சொந்தக் காசைப் போட்டுச் சந்தையில் வாங்கியிருக்கிறார் என்றால் அதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி வாங்கவேண்டாம். இயக்குநர்களும் தங்கள் கம்பெனி மேல் மயக்கத்தில் இருப்பவர்கள்தான்.

ஈவுத்தொகைத் தேதிகளும் சென்ஸில்தான். பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான் ஈவுத்தொகையோடு வாங்கக் கடைசி நாள். புதன்கிழமை வாங்கினால் அந்தத் தடவை ஈவுத்தொகை கிடையாது. அடுத்த திங்கள் பணம் வரும், அதில் 20 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் வரும். புதன்கிழமை காலை விலை இறங்கியிருப்பதைப் பார்த்து மலிவாகிவிட்டது என்று வாங்குகிறவர்கள் நிறையப் பேர். ஈவுத்தொகை கழிந்ததால் இறங்கியது அது.

சரி, அடுத்தது ஆண்டறிக்கை. கம்பெனித் தளத்தில் இருக்கும், பி.டி.எஃப். ஆக இறக்கிக்கொள்ளலாம். சென்ஸில் வரும் ஆண்டு முடிவு அறிவிப்பு பல சமயம் சுருக்கம்தான். முழுக் கணக்குக்கு அடியில் ஒரு இணைப்பு கொடுத்திருப்பார்கள், அதைத் திறங்கள். இருநூறு பக்கம் இருக்கும், மிரளவேண்டாம். சிரிக்கும் குழந்தைகள், சூரிய ஒளித்தகடு, தலைவரின் கடிதம் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுங்கள். பரீட்சைத்தாள் திருத்தியவர் நீங்கள். நீளமாக எழுதுகிறவன் எல்லாம் தெரிந்து எழுதுவதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டாம்.

நேராகத் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போங்கள். தணிக்கையாளர் எந்த இடங்களில் அதிகம் உழைத்தார், எங்கே கம்பெனியின் மதிப்பீட்டை நம்பவேண்டியிருந்தது என்பதை "முக்கியத் தணிக்கை விஷயங்கள்" என்ற தலைப்பில் அவரே எழுதியிருப்பார். அறிக்கை முழுவதிலும் மிக நேர்மையான இரண்டு மூன்று பக்கங்கள் அவை என்பது என் எண்ணம். நான் அந்தத் தொழிலில் இருந்ததால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் சரி. பிறகு அந்த பி.டி.எஃப்.-க்குள் தேடும் வசதியில் "கோயிங் கன்சர்ன்" என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதில் சந்தேகம் இருந்தால் அந்தச் சொல்லைச் சுற்றித்தான் எழுதியிருப்பார்கள். அப்புறம் "ரீஸ்டேட்டட்" என்று தேடுங்கள். போன வருட எண்ணை இந்த வருடம் திருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கணக்கு விதி மாறியதால் திருத்தியிருக்கலாம், குற்றமில்லை. தப்பாக எழுதியதால் திருத்தியிருந்தால் குறிப்பைத் தேடிப் படிக்காமல் நகராதீர்கள்.

லாபத்தோடு பணவரவையும் ஒப்பிடுங்கள். இதற்குப் படிப்பு வேண்டாம். புடவைக் கடையில் கடன் நோட்டு முழுக்க எழுதியிருக்கிறது, கல்லாவில் சில்லறை இல்லை என்றால் என்ன சொல்வோம்? கம்பெனியும் அதேதான். லாப நட்டக் கணக்கில் வருடாவருடம் லாபம் ஏறுகிறது, பணவரவுக் கணக்கில் தொழிலிலிருந்து வந்த பணம் ஏறவில்லை, கடன் மட்டும் ஏறுகிறது என்றால் அந்த லாபம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கவேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. டொங்காட் ஹியூலெட். 1860 நவம்பர் 16-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கிய 342 பேரிலும், பிறகு வந்தவர்களிலும் பெரும்பாலோர் இந்த மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களில்தான் வேலை செய்தார்கள். அந்தச் சர்க்கரைத் தொழிலின் பெரிய பெயர்களில் ஒன்று அது. டர்பனுக்கு வடக்கே அதன் கரும்பு நிலங்கள் கட்டட மனைகளாக விற்கப்பட்டன. 2019-இல் கணக்கில் கோளாறு வெளியே வந்தது. ஜூனில் பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. நில விற்பனை வருமானத்தை உரிய காலத்துக்கு முன்பே கணக்கில் எழுதியதும், செலவாகப் போயிருக்கவேண்டியதைச் சொத்தாக எழுதியதும் விசாரணையில் தெரியவந்தன. 2022 அக்டோபரில் கம்பெனி வணிக மீட்பு நடவடிக்கைக்குள், அதாவது கடனில் சிக்கிய கம்பெனியைக் காப்பாற்றப் பார்க்கும் சட்ட நடைமுறைக்குள் போனது. இன்று பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்க்கும்போது எல்லாம் பளிச்சென்று தெரிவதுபோல இருக்கும். அன்று தெரிந்திருக்குமா? முழுவதும் தெரிந்திருக்காது. ஆனால் லாபத்தையும் கையில் வந்த பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தவனுக்கு ஒரு கேள்வியாவது வந்திருக்கும்.

ஸ்டைன்ஹாஃப் என்ற மரச்சாமான் கம்பெனியின் கதை உங்களுக்குத் தெரியும், ஓய்வூதிய நிதிகளே அதில் பணம் போட்டிருந்தன. 2017 டிசம்பர் 5-ஆம் தேதி இரவு, கணக்கில் முறைகேடு, தலைமை அதிகாரி ராஜினாமா என்று சென்ஸில் அறிவிப்பு வந்தது. மறுநாள் பங்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தது. நான் கவனிக்கச் சொல்வது அதற்கு முந்தைய நாள். தணிக்கை முடியாத கணக்கைத்தான் வெளியிடப்போகிறோம் என்று டிசம்பர் 4-ஆம் தேதியே அறிவித்திருந்தார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்குத் தணிக்கையாளர் கையெழுத்துப் போடவில்லை என்பது அதிலேயே இருந்தது. அதைப் படித்த ஒருவருக்கு ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. ஒரு நாள்தான். எவ்வளவு படித்தாலும் ஏமாற்ற நினைப்பவர்களிடம் ஏமாறுவோம், அதனால்தான் ஒரே பங்கில் போடவேண்டாம் என்பது.

இப்போது எண்களைத் தொகுத்துக் கொடுக்கும் தளங்கள். ஷேர்நெட், யாஹூ ஃபைனான்ஸ், கூகுள் ஃபைனான்ஸ், இன்வெஸ்டிங் டாட் காம், டிரேடிங்வியூ எல்லாம் பார்க்கலாம். யாஹூவில் நம் ஊர்ப் பங்கைத் தேட, கம்பெனியின் சுருக்க எழுத்துகளுக்குப் பின்னால் புள்ளி வைத்து ஜே, ஓ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் நியூயார்க்கில் அதே எழுத்துள்ள வேறு ஏதாவது கம்பெனி வந்து நிற்கும். விலை சில தளங்களில் 15 நிமிடம் தாமதமாகக் காட்டும், நம்மைப்போல் வருடக்கணக்கில் வைத்திருக்கப்போகிறவர்களுக்கு அது பொருட்டே இல்லை. காசு கட்டினால் உடனுக்குடன் காட்டுகிறோம் என்பார்கள். கட்டாதீர்கள்.

இந்தத் தளங்களில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். நீங்கள் பார்த்த 14,250 சென்ட் பங்கையே ஒரு கற்பனைக் கம்பெனியுடையது என்று வைத்துக்கொள்வோம். அது போன வருடம் ஒரு கட்டடத்தை விற்றது. விற்ற லாபத்தையும் சேர்த்துப் பங்குக்கு லாபம் 1,425 சென்ட். வெளிநாட்டுத் தளம் 14,250-ஐ 1,425-ஆல் வகுத்து, விலை லாபத்தைப்போல் 10 மடங்கு என்று காட்டும். மலிவு மாதிரி இருக்கும். ஆனால் கட்டடத்தை வருடாவருடம் விற்க முடியாது. நம் சந்தையில் இதற்காகவே "ஹெட்லைன் எர்னிங்ஸ் பெர் ஷேர்" என்று தனியாக ஒரு எண்ணைப் போடச் சொல்கிறார்கள், சுருக்கமாக ஹெப்ஸ். சொத்து விற்ற லாபம், சொத்து மதிப்புக் குறைப்பு போன்றவற்றை எடுத்துவிட்டு வருவது. நம் கம்பெனியின் ஹெப்ஸ் 950 சென்ட் என்றால் விலை 15 மடங்கு. பத்தா பதினைந்தா என்பது வாங்குவதா வேண்டாமா என்பதையே மாற்றிவிடும். இந்த ஹெப்ஸ் எங்கே இருக்கும்? கம்பெனியின் முடிவு அறிவிப்பில் முதல் பக்கத்திலேயே. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் இது தெரியாது.

ஈவுத்தொகை விகிதத்திலும் இதே பொறி. அந்தக் கம்பெனி வழக்கமான 400 சென்டோடு கட்டடம் விற்ற காசில் சிறப்பு ஈவுத்தொகையாக 600 சென்ட் கொடுத்தது என்றால், தளம் 1,000 சென்ட் என்று கூட்டி 7 சதவீதம் என்று காட்டும். வழக்கமானது 2.8 சதவீதம்தான். ஓய்வு பெற்றவர்கள் இந்த ஒரு எண்ணைப் பார்த்துத்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏழு சதவீதம் என்று பார்த்தவுடன் வங்கி வட்டியோடு ஒப்பிட்டு மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

நாஸ்பெர்ஸ், ரிச்மாண்ட், பி.ஹெச்.பி. போன்றவை கணக்கை டாலரிலோ யூரோவிலோ எழுதுகின்றன, பங்கு விலை மட்டும் இங்கே சென்டில். தானாகக் கணக்குப் போடும் தளங்கள் இரண்டையும் கலந்து சில சமயம் அபத்தமான விகிதத்தைக் காட்டும். விகிதம் 0.7 என்றோ 900 என்றோ தெரிந்தால் அதிசயப்படாமல் அடுத்த தளத்துக்குப் போங்கள். சாசோல், கோல்ட் ஃபீல்ட்ஸ் போன்று நியூயார்க்கிலும் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு ஒரு கூடுதல் வசதி. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையத்தின் எட்கர் தளத்தில் 20-எஃப் என்ற ஆண்டு அறிக்கையை அவை தாக்கல் செய்கின்றன. அதில் ஆபத்துகள் என்று ஒரு நீண்ட பகுதி வரும். வக்கீல்கள் எழுதியது, வறட்டு நடை, ஆனால் இங்கத்திய அழகான அறிக்கையில் மென்மையாகச் சொன்னதை அங்கே பச்சையாகச் சொல்லியிருப்பார்கள்.

கருத்து எழுதுகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோஸ்ட் மெயில் என்ற தளத்தில் அன்றைய சென்ஸ் அறிவிப்புகளை எளிமையாக, கொஞ்சம் நக்கலோடு சுருக்கி எழுதுகிறார்கள். இலவசம், சுவாரஸ்யமாக இருக்கும். ஜஸ்ட் ஒன் லேப் தளத்தில் ஆரம்பநிலைக்காரர்களுக்கான பேச்சுகள் உண்டு. மணிவெப், பிசினஸ் டே செய்திகளும் உதவும். இவற்றைப் படியுங்கள், ஆனால் கம்பெனி அறிக்கைக்குப் பிறகு. 2018 ஜனவரியில் வைஸ்ராய் என்ற ஆய்வு நிறுவனம் கேப்பிடெக் வங்கியைத் தாக்கி ஒரு அறிக்கை வெளியிட்டது. ஸ்டைன்ஹாஃப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர்கள் என்பதால் நிறையப் பேர் பயந்து அன்றே விற்றார்கள். கேப்பிடெக்கிடம் போதுமான மூலதனம் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. வங்கி இன்றும் நன்றாக நடக்கிறது. பங்கு விழுந்தால் லாபம் பார்க்கிற மாதிரி பந்தயம் கட்டியவர்களும் ஆய்வறிக்கை எழுதுவார்கள், ஏறினால் லாபம் பார்ப்பவர்களும் எழுதுவார்கள். எழுதியவருக்கு அந்தப் பங்கில் என்ன நலன் இருக்கிறது என்று அடியில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும், அதை முதலில் படியுங்கள்.

ஏ.ஐ. செயலியிடம் கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, தங்கை மகன் கேட்பான். புரியாத பத்தியை எளிமையாக்கித் தரச் சொல்லலாம், அதற்கு நல்ல துணை. எண் மட்டும் கேட்காதீர்கள். போன வருட ஹெப்ஸ் எவ்வளவு என்றால் தயங்காமல் ஒரு எண்ணைச் சொல்லும், அது சரியாகவும் இருக்கலாம், வேறு வருடத்ததாகவும் இருக்கலாம். அறிக்கையில் பார்த்துச் சரிபார்க்காத எண்ணை வைத்து ஒரு ரேண்டும் போடவேண்டாம்.

வாட்ஸ்அப் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை மகன் நல்ல எண்ணத்தில்தான் அனுப்புகிறான். ஆனால் அவனுக்கு அனுப்புகிற குழுவை யார் நடத்துகிறார்கள்? பணத்துக்கு ஆலோசனை சொல்லித் தொழில் செய்கிற எவருக்கும் இங்கே உரிமம் வேண்டும். நிதித்துறை நடத்தை ஆணையத்தின் தளத்தில் பெயரையோ உரிம எண்ணையோ போட்டுத் தேடிப் பார்க்கலாம், ஒரு நிமிட வேலை. இன்னொரு நிமிடம் செலவு செய்து அங்கே போட்டிருக்கும் தொலைபேசி எண்ணும், குழுவில் கொடுத்திருக்கும் எண்ணும் ஒன்றா என்றும் பாருங்கள். உண்மையான நிறுவனத்தின் உரிம எண்ணைத் திருடிப் போட்டுக்கொண்டு பணம் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "உள்ளே இருந்து வந்த தகவல்" என்று யாராவது சொன்னால் இன்னும் எளிது. அது உண்மையிலேயே உள்தகவல் என்றால் அதை வைத்துப் பங்கு வாங்குவது நிதிச் சந்தைகள் சட்டப்படி குற்றம். இல்லையென்றால் அது ஏற்கனவே சென்ஸில் இருக்கிறது, அல்லது பொய்.

எங்கே ஆரம்பிப்பது என்றால், நீங்கள் கண்ணால் பார்க்கிற ஒரு கம்பெனியை எடுங்கள். மிஸ்டர் பிரைஸ் துணிக்கடைகளின் தலைமையகம் டர்பனிலேயே இருக்கிறது. மளிகைக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஸ்பார் நம் மாகாணத்துக் கம்பெனி. வாங்கச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். ஸ்பாரின் 2023 அறிவிப்புகளைத் திறந்தால், குவாசூலு-நட்டால் விநியோகக் கிடங்கில் புது எஸ்.ஏ.பி. கணினி முறையைக் கொண்டுவந்தபோது சரக்கு அனுப்புவது எப்படிச் சிக்கலானது, அது விற்பனையை எப்படி அடித்தது என்று கம்பெனியே சொல்லியிருப்பதைப் படிக்கலாம். கடையில் நாம் பார்ப்பது ஒரு அலமாரியை. அறிக்கையில் அந்த அலமாரிக்குப் பின்னால் இருக்கும் கிடங்கும் கடனும் வங்கி நிபந்தனையும் தெரியும். என் அரங்க வளைவுக் கதையில் எனக்குத் தவறிப்போனது அதுதான்.

ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு பக்கம். ஐந்து வருட விற்பனை, ஹெப்ஸ், தொழிலிலிருந்து வந்த பணம், கடன், ஈவுத்தொகை. கையால் எழுதுங்கள். அச்சடித்து ஒட்டினால் மனசில் நிற்காது. அடியில், எது நடந்தால் இந்தப் பங்கு வேண்டாம் என்று முடிவு செய்வேன் என்று இரண்டு வரி. இதையெல்லாம் எழுதி முடித்தபிறகு விலையைப் பாருங்கள். ஒரு கம்பெனிக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும். அவ்வளவு நேரம் செலவழிக்க மனசு வராத கம்பெனியில் பணம் போடவும் அவசியமில்லை.

80,000-இல் எவ்வளவு? உங்கள் முழுக் கணக்கையும் பார்க்காமல் தொகை சொல்வது என் தொழிலுக்கு அழகல்ல. ஆனால் என் சொந்த அக்காவாக இருந்தால், பெரும்பகுதியைச் சந்தைக் குறியீட்டை, அதாவது சந்தையின் பெரிய கம்பெனிகளின் பட்டியலை, அப்படியே பின்பற்றும் செலவு குறைந்த நிதி ஒன்றில் விட்டுவிட்டு, போனாலும் தூக்கம் கெடாத ஒரு சின்னத் தொகையை மட்டும் இந்த நோட்டு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதுவும் முதல் ஆறு மாதம் நோட்டில் மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, வாங்கினால் வருடாந்தரக் கூட்டத்துக்குப் போங்கள். ஒரே ஒரு பங்கு இருந்தாலும் போகலாம், கேள்வி கேட்கலாம். பல கம்பெனிகள் இப்போது இணையவழியாகவே நடத்துகின்றன. செயலி மூலம் வாங்கியிருந்தால் பங்கு உங்கள் பெயரில் நேரடியாகப் பதிவாகியிருக்காது. அதனால் தரகரிடம் முன்கூட்டியே பிரதிநிதித்துவக் கடிதம் கேட்டு வாங்கவேண்டும். கூட்ட அறிவிப்பில் கடைசித் தேதி போட்டிருக்கும், அதுவும் சென்ஸில் வரும். தங்கை மகனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். மாணவர்களுக்கு ஜோஹன்னஸ்பர்க் சந்தை நடத்தும் முதலீட்டுப் போட்டியில் கற்பனைப் பணத்தை வைத்து விளையாடுகிறவன் என்றால், முப்பத்திரண்டு வருடம் வகுப்பெடுத்த பெரியம்மா ஒரு தலைமை அதிகாரியைக் கேள்வி கேட்பதை அவன் பார்க்கட்டும்.